ஓரிரு இடங்களில்

முதலில் மைக்கை நகத்தால் தட்டுகிற சத்தம் கேட்கும். பிறகு ஒரு செருமல். அதற்குப் பிறகுதான் மழை.

"அன்பார்ந்த மீனவப் பெருமக்களின் கனிவான கவனத்திற்கு. வானிலை அறிவிப்பு."

சாயங்காலம் அந்தக் குரல் வந்தால், அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்பேன். தெருவில் எல்லா வாசலிலும் ஒருத்தி நிற்பாள். மறுநாள் விடியலில் வீட்டு ஆள் கடலுக்குப் போவதா வேண்டாமா என்பது அந்த வாயில் இருந்தது.

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகிற சாலையில், கடல் அரிப்புக்காகக் கொட்டிய பாறைகளுக்கு இந்தப் பக்கம் எங்கள் குப்பம். அங்கே மீனவர் சங்கத்துக்கு ஓர் அறை உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு மேசை, ஒரு ஆம்ப்ளிபயர். வெளியே இரும்புக் கம்பத்தில் கடலைப் பார்த்து ஒன்றும் தெருவைப் பார்த்து ஒன்றுமாகக் கூம்பு ஸ்பீக்கர்கள். அந்த அறைக்கு உரியவர்தான் நான் சொல்லப்போகிற ஆள். அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கிழவர்களுக்கு அவர் மைக்கு. எங்களுக்கு மைக்கண்ணன்.

அவர் கடல்காரர் இல்லை. சங்கத்துக்கு வருவதற்கு முன் மைக்செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் பேசிப் பழகிய தொண்டை. மைக்கில் பேசினால் செந்தமிழ் கொட்டும். மைக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தால், "டேய், அந்த டீசல் கேன ஓரமா வைடா, கலீஜ் பண்ணிகினு கீற" என்பார். இரண்டும் ஒரே ஆளின் வாய்தானா என்று புதிதாக வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். கடல் தண்ணீரில் அவர் கால் நனைத்து நான் பார்த்தது கிடையாது. கரையில் யாராவது ஆசையாக நாலு மீன் கொடுத்தால்கூட, "வேணாம் மா, வவுறு ஒத்துக்காது" என்று கையை ஆட்டிவிடுவார். மீன் குப்பத்தில் மீன் வாங்காத மனுஷன். எனக்கு முதல் சந்தேகமே அதில்தான் வந்தது. அவருக்கு நிஜமாகவே வயிறு ஒத்துக்கொள்ளாது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

சாவு அறிவிப்பும் அவர்தான். அப்போது நகத்தால் தட்ட மாட்டார், செருமவும் மாட்டார். குரல் தாழ்ந்து, பெயர், இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், அடக்கம் எத்தனை மணிக்கு என்று நேராகப் படித்துவிட்டு அணைத்துவிடுவார். கடலில் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களையும் அப்படித்தான் படிப்பார்.

நான் சொல்லும் வருஷத்தில் பங்குனி பிறந்ததுமே டிவியில் சொல்லிவிட்டார்கள், இந்தக் கோடையில் வடகடலோரப் பக்கம் இடி மின்னலோடு மழை வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும் என்று. நான் கூடையை வைத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டையில் மீன் விற்கிறவள். அங்கே துணிக்கடைப் பெண்கள், "அப்பாடா, ரெண்டு மழ பேஞ்சா சூடு தணியும்" என்று சந்தோஷப்பட்டார்கள். நான் மீனை வெட்டிக்கொண்டே நாட்களை எண்ணினேன். சித்திரை பிறந்ததும் பெரிய விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கிவிடும். காசிமேட்டில் அவையெல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும்போது, எங்கள் மாதிரி சின்ன ஃபைபர் படகுக்காரர்கள் கொண்டுவருவதற்குத்தான் விலை. வருஷத்தில் எங்களுக்கு விடிவு காலம் அந்த இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் இடி என்றால் என்ன செய்வது?

மைக்கண்ணன் அந்தச் செய்தியை எங்களுக்குப் படித்தபோது, ஏதோ தலைவர் வருகையை அறிவிக்கிற மாதிரி குரலை ஏற்றி இறக்கிப் படித்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் மழை வந்தது, அவர் வாயில். "நாளை நமது பகுதியில் பலத்த இடி. மின்னல். மழை. கடலுக்குச் செல்வதைத் தவிர்க்கவும்." பாதிப் படகுகள் கரையில் கிடக்கும். மறுநாள் பார்த்தால் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒருநாள் அப்படிச் சொன்னதைக் கேட்டு, பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவும் மற்றப் பெண்களும் பாறைமேல் காய்ந்துகொண்டிருந்த கருவாட்டையெல்லாம் அவசரமாக வாரிக் கட்டிவிட்டார்கள். துளி மழை விழவில்லை. அரைகுறையாகக் காய்ந்த கருவாடு மூட்டைக்குள் புழுங்கி நாற்றமடித்துவிட்டது. ஸ்டெல்லா சங்கத்து அறை வாசலில் நின்று, "எங்கடா உன் மய? எங்க? உன் சட்டப் பையில வெச்சிகினு கீறியா?" என்று கத்தினாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் பிளஸ் டூ வரை படித்தவள். அன்றைக்கே கைப்பேசியில் அந்த வானிலை அறிக்கையைத் தேடி எடுத்தேன். எங்கள் தெருவில் எல்லார் கையிலும் போன் இருந்தது, ஆனால் மைக்கு சொன்ன பிறகு அதை எதற்கு எடுத்துப் படிப்பது என்று இருந்துவிட்டோம். "வட தமிழகக் கடலோர மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசான மழை பெய்ய வாய்ப்புள்ளது." அவ்வளவுதான். லேசான என்பது பலத்த ஆகிவிட்டது. ஓரிரு இடங்களைக் காணோம். வாய்ப்பையும் காணோம். மூன்று வார்த்தைகளை அந்த மனுஷன் தின்றிருக்கிறார்.

நேராகப் போய்க் கேட்டேன்.

"இன்னாண்ணா, போன்ல ஓரிரு இடங்கள்னு போட்டுகீது. நீங்க அத்த சொல்லவே இல்லியே?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓரிரு இடம்னா எது மா?"

"அது... எங்கனா ஓரிரு இடம்."

"அந்த ஓரிரு இடத்துல நாம இல்லன்னு எய்தி குட்த்துகீறானா?"

"வாய்ப்புன்னும் போட்டுகீது."

"ஆங். வாய்ப்பு கீதுன்னு நான் சொன்னா உன் வூட்டுக்காரன் இன்னா பண்ணுவான்? வராமலும் பூடலாமேன்னு போட்ட எட்த்துகினு பூடுவான். அப்பறம் நீ வந்து இங்க நின்னுகினு என்ன கேப்ப."

பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்த மாதிரி வேகமாக வந்ததால், எனக்குச் சந்தேகம் இன்னும் கெட்டியானது.

தெருவில் வேறு பேச்சும் ஓடியது. தடைக்காலத்தில் ஆந்திரா பக்கமிருந்து ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றிக்கொண்டு லாரி வரும். எங்கள் படகுகள் போகாத நாளில் அந்த லாரி மீனுக்குத்தான் கிராக்கி. மைக்கண்ணன் அந்த லாரிக்காரரோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரே தட்டில் பஜ்ஜி தின்றதை ஸ்டெல்லா பார்த்தாள். அவர் வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்ததை நானே பார்த்தேன். "மீனு துன்னாத ஆளுக்கு அவ்ளோ பெரிய ஃபிரிட்ஜ் இன்னாத்துக்கு?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

என் வீட்டுக்காரர் சேவியருக்கு வேறு கணக்கு. "லாரியும் இல்ல ஒண்ணும் இல்ல. அவனுக்கு நம்ம போட்டு மேல காண்டு" என்றார். அதற்கும் ஒரு காரணம் இருந்தது.

மைக்கண்ணனுக்கு ஒரே மகன். டிப்ளமோ படித்தவன். அப்பா யார் யார் காலிலோ விழுந்து கண்டெய்னர் யார்டில் வேலை வாங்கிக் கொடுத்திருந்தார். ஷிப்டு வேலை. அவனுக்கு யார்டு பிடிக்கவில்லை, கடல் பிடித்திருந்தது. ஷிப்டு இல்லாத நாட்களில் யார் படகிலாவது கூலிக்கு ஏறிவிடுவான். இதை வைத்து அப்பாவுக்கும் மகனுக்கும் நடுரோட்டில் சண்டை. "இனிமே என் வூட்டு வாசப்படி மிதிக்காத" என்று அவர் சொல்ல, அவன் திருவொற்றியூர் மார்க்கெட் பக்கம் தனியாக ரூம் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதன் பிறகு இருவருக்கும் பேச்சு கிடையாது. எதிரே வந்தால் இவர் கடலைப் பார்ப்பார், அவன் ரோட்டைப் பார்ப்பான்.

அந்தப் பையன் வந்து கேட்டபோது எங்கள் படகில் சேர்த்துக்கொண்டோம். சேவியரும் அவர் சித்தப்பா மகன் துரையும் இரண்டு பேர்தான் போய்க்கொண்டிருந்தார்கள், வலை இழுக்க இன்னொரு ஆள் தேவைப்பட்டது. பையன் குடிக்க மாட்டான், சொன்ன நேரத்துக்கு வருவான். நாங்கள் சேர்த்துக்கொண்ட நாளிலிருந்து மைக்கண்ணன் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார். 'மகனைக் கெடுத்துவிட்டார்கள் என்ற கோபம், அதற்கு எங்களைக் கரையில் கட்டிப் போடுகிறார்' என்பது சேவியரின் கட்சி.

உண்மை எனக்கு ஒரு பைக்கிலிருந்து கிடைத்தது.

பையனிடம் சீட்டு கிழிந்த சிவப்புப் பைக் ஒன்று இருந்தது. விடியலில் கடலுக்குப் போவதாக இருந்தால், முதல் நாள் சாயங்காலமே வந்து வலை சரிபார்த்துவிட்டு எங்கள் வீட்டிலேயே படுத்துக்கொள்வான். பைக்கை ஐஸ் கடைக் கூரையின் கீழே விடுவான். ஐஸ் கடை சங்கத்து அறைக்கு நேர் எதிரே இருக்கிறது. ஒருநாள் நான் ஐஸ் வாங்க நின்றிருந்தபோது, மைக்கண்ணன் அறிவிப்புக்கு முன்னால் வெளியே வந்தார். பைக்கைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். மறுபடி பைக்கைப் பார்த்தார். உள்ளே போய் மைக்கைத் தட்டினார். அன்றைக்கு இடி மட்டும் இல்லை, சூறைக்காற்றும் சேர்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு நான் அறிவிப்பைக் காதால் கேட்பதோடு, ஐஸ் கடையையும் ஒரு கண் பார்த்துக்கொண்டேன். பைக் இல்லாத நாளில் ஓரிரு இடங்கள், வாய்ப்பு எல்லாம் சுத்தமாக வந்தன. பைக் நின்ற நாளில் வானமே இடிந்து விழுந்தது.

சேவியரிடம் சொன்னேன். "நான் சொல்லல? காண்டுதான்" என்றார். நிச்சயமாகத் தெரிந்துகொண்டுவிட வேண்டும் என்று தோன்றியது. அடுத்த முறை பையன் வந்தபோது, "பைக்க எங்க சந்துல உடு தம்பி, தண்ணி டேங்க் பின்னால" என்றேன். அவன் அங்கேயே கொண்டுபோய் நிறுத்தினான்.

அன்று சாயங்காலம் மைக்கண்ணன் ஐஸ் கடைப் பக்கம் பார்த்துவிட்டு உள்ளே போனார். அறிக்கையை ஒரு எழுத்துப் பிசகாமல் படித்தார். ஓரிரு இடங்கள். லேசானது முதல் மிதமான மழை. வாய்ப்பு. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாகச் சரிபார்த்தேன். எனக்கு வந்தது வெற்றியா கோபமா என்று சொல்லத் தெரியவில்லை. விடியலில் எல்லாப் படகும் இறங்கின. எங்கள் படகில் மூன்று பேர்.

வெயில் ஏறியபின் தண்ணீர் பிடிக்கச் சந்துக்குப் போனேன். டேங்க் பின்னால் மைக்கண்ணன் நின்றிருந்தார். குடிதண்ணீர் குடத்தோடு வந்தவர் பைக்கைப் பார்த்திருக்கிறார். அதன் சீட்டின்மேல் கை வைத்தபடி நின்றார்.

"இத்த இங்க உட சொன்னது யாரு மா?"

"நான்தான்."

"இன்னாத்துக்கு?"

"நீங்க இன்னா பண்றீங்கன்னு பாக்கத்தான். பைக் இருந்தா இடி, இல்லாட்டி தூறல். எங்க போட்டு மேல உங்களுக்கு இன்னாண்ணா அவ்ளோ காண்டு? புள்ளைக்கி நாங்க வேலதான குட்த்தோம்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்குக் காது கேட்குமா கேட்காதா என்று யோசிக்கிறவர் மாதிரி.

"காண்டா? உங்க மேலயா?" என்றார். "எனக்கு அவன்கிட்ட பேச்சு இல்ல மா. போவாதடான்னு அவன்கிட்ட நான் எப்டி சொல்றது? எனக்கு கீறது மைக்குதான."

நான் குடத்தைக் கீழே வைத்தேன்.

"உனுக்கு தெர்யாது. கடல்ல போயி வராதவன் பேரெல்லாம் நான்தான் மா படிக்கிறேன். படிச்சிட்டு வூட்டுக்கு போயி சாப்டவும் சாப்டறேன். ஒருநாளு அவன் பேர எய்தி என் கையில குட்த்தாங்கன்னா நான் இன்னா பண்றது?" பைக் சீட்டின் கிழிசலைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி மூடப் பார்த்தார். அது மூடவில்லை. "இன்னிக்கி போயிகீறானா?"

"ஆமாண்ணா."

"நான் ஒயுங்கா படிச்சிட்டனே மா" என்றார்.

ஒரு அப்பன் தன் ஒரு பிள்ளைக்காக முந்நூறு குடும்பத்தைக் கரையில் உட்கார வைத்திருக்கிறான். என் பிழைப்பையும் சேர்த்துத்தான். கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மற்றப் படகுகளெல்லாம் வழக்கமான நேரத்துக்குத் திரும்பின. எங்கள் படகு வரவில்லை. கொஞ்சம் தூரம் தள்ளிப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். சேவியர் போனுக்கு அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. துரை போனும் அப்படியே. மத்தியானம் தாண்டியது. மேற்கே தொழிற்சாலைப் புகைபோக்கிகளுக்குப் பின்னால் கறுப்பாக ஒன்று எழும்பியது. கோடை மழை எங்களுக்கு நிலத்திலிருந்துதான் வரும். வெயில் காய்ந்து காய்ந்து, திடீரென்று காற்று திரும்பி, மண்ணை வாரிக்கொண்டு கடலுக்குள் ஓடும். காற்று திரும்பிவிட்டது. முதல் இடி கேட்டது.

சங்கத்து அறைக்கு ஓடினேன். செயலாளர் ஏதோ கல்யாணத்துக்காக ராயபுரம் போயிருந்தார். மைக்கண்ணன் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், ஆம்ப்ளிபயரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"போட்டு வரலண்ணா. ஆளுங்கள கூப்புடுங்க. யாராச்சும் ரெண்டு போட்டு எட்த்துகினு போயி பாக்க சொல்லுங்க."

அவர் மைக்கைக் கையில் எடுத்தார். ஜன்னலில் மின்னல் அடித்தது. இந்த இடியில் படகை இறக்குங்கள் என்று அவர் ஊராரிடம் கேட்க வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும் ஆம்பளைகளை, மற்றவர்கள் பெற்ற பிள்ளைகளை, எழுப்பிக் கடலுக்குப் போகச் சொல்ல வேண்டும். எத்தனையோ நாள் இல்லாத இடியைச் சொல்லி அவர்களை நிறுத்தி வைத்தவர்.

"அன்பார்ந்த" என்று தொடங்கினார். நகத்தால் தட்டவில்லை, செருமவில்லை. அந்தத் தாழ்ந்த குரல். தெருவில் கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது. அது எந்த அறிவிப்புக்கு உரிய குரல் என்று எல்லாருக்கும் தெரியும். "கடலுக்குச் சென்ற படகு ஒன்று இன்னும் கரை திரும்பவில்லை. அதில் சென்றவர்கள், சேவியர். துரை."

நின்றுவிட்டார்.

"சொல்லுங்கண்ணா."

வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. ஸ்பீக்கரில் அவர் மூச்சு விடுவது மட்டும் குப்பம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் மைக்கை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். என் வாழ்க்கையில் அதற்கு முன் மைக்கைத் தொட்டதில்லை. அவர் மகன் பெயரைச் சொன்னேன். "மூணு பேரு கீறாங்க, இன்ஜின் ஏதோ ஆயிகீது போல, ஓடியாங்க, யாராச்சும் போட்ட எறக்குங்க" என்று கத்தினேன். செந்தமிழெல்லாம் எனக்கு வரவில்லை.

வந்தார்கள். இரண்டு படகு இறக்கினார்கள். ஒன்றில் போனது ஸ்டெல்லாவின் புருஷன். கரையில் நின்ற எங்களுக்கு மழையில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. இடி விழும்போதெல்லாம் ஸ்டெல்லா என் தோளைப் பிடித்து அழுத்தினாள். மைக்கண்ணன் பாறைமேல் ஏறி நின்றார், கழுத்துப் பொத்தான் போட்ட சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. யாரும் அவர் பக்கத்தில் போகவில்லை.

மழை விட்ட பிறகு வந்தார்கள். காலையிலேயே இன்ஜின் நின்றுபோய், மழைக்கு முன் அடித்த தெற்குக் காற்றில் எண்ணூர் பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மூன்று பேருக்கும் ஒரு கீறல் கிடையாது. குளிரில் பல் கிட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நான் சேவியரை அடித்தேன், பிறகு அழுதேன். பையன் படகை விட்டு இறங்கி அப்பாவைப் பார்த்தான். அவர் பாறையிலிருந்து இறங்கி அவனைத் தாண்டி நேரே அறைக்குள் போனார். நகத்தால் மைக்கைத் தட்டுகிற சத்தம் வந்தது. ஒரு செருமல்.

"கடலுக்குச் சென்ற மூவரும் நலமாகக் கரை சேர்ந்தனர் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

பையன் கம்பத்தின் கீழே ஈரத்தோடு நின்று அதை முழுக்கக் கேட்டான். பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்றைக்கு ஸ்பீக்கரில் கேட்ட அந்த மூச்சு எல்லாவற்றையும் ஊருக்குச் சொல்லிவிட்டது. நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. ஐஸ் கடைக்காரர் ஒன்று சொல்ல, துரை ஒன்று சொல்ல, ஒரு வாரத்தில் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். ஸ்டெல்லாவின் புருஷன் எழுந்து, "உன் புள்ளைக்கு ஓசரம் எங்க வவுத்துல அட்ச்சியாயா?" என்று கேட்டான். அவன்தான் இடியில் படகை இறக்கிப் போனவன், அவனுக்குக் கேட்க உரிமை இருந்தது. மைக்கண்ணன் மறுக்கவில்லை. லாரிக்காரரிடம் காசு வாங்கினார் என்று ஒருவர் சொன்னபோது மட்டும் நான் எழுந்து அது பொய் என்றேன். அவரிடமிருந்து அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு செயலாளரே போனில் வருவதை ஸ்பீக்கரில் அப்படியே போட்டுவிடுவார். ஒரு பெண் குரல் கடகடவென்று சொல்லி முடிக்கும்.

என்னை அவர் வெறுப்பார் என்று நினைத்தேன். ஒருநாள் சாயங்காலம், அந்தப் பெண் குரல் முடிந்த கையோடு, எங்கள் வீட்டுக் கேட்டருகே வந்து நின்றார்.

"நாளிக்கி எத்தினி பேரு மா போறீங்க?"

"ரெண்டு பேருண்ணா."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். பிறகு தினமும் வந்தார். மழையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மகனைப் பற்றியும் கிடையாது. எத்தனை பேர் என்று மட்டும் கேட்பார். மூன்று என்றால் கொஞ்ச நேரம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்படிப்பட்ட ராத்திரிகளில் அவர் தூங்குவதில்லை என்று அவர் மனைவி என்னிடம் சொன்னாள். விடியும்வரை மொட்டை மாடியில் மேற்குப் பார்த்து உட்கார்ந்திருப்பாராம்.

வைகாசி கடைசியில் ஒருநாள் அறிக்கை மோசமாக இருந்தது. பிற்பகலுக்கு மேல் பரவலாக இடியுடன் கனமழை, பலத்த காற்று என்று அந்தப் பெண் குரல் சொன்னது. காலையிலேயே திரும்பிவிடலாம் என்று சேவியர் போக முடிவு செய்துவிட்டார். பையனும் வந்து உள்ளே படுத்திருந்தான். மைக்கண்ணன் கேட்டருகே வந்தார். கண்ணின் கீழே கறுத்துத் தொங்கியது.

"நாளிக்கி எத்தினி பேரு மா?"

"ரெண்டு பேருண்ணா" என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். நான் பார்வையை மாற்றாமல் நின்றேன். "செரி மா" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்காவது அந்த மனுஷன் தூங்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

விடியலில் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். படகை அலைக்குள் தள்ள ஆட்கள் கூடியிருந்தார்கள். முழுக்கைச் சட்டை ஒன்று தனியாகத் தெரிந்தது. மைக்கண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் வரை தண்ணீரில் நின்றார். என்னைப் பார்த்ததும், "ரெண்டு பேருன்ன?" என்றார்.

நான் சோற்றுத் தூக்கைச் சேவியரிடம் நீட்டினேன்.

"நான் மைக்குல பொய் சொல்லசொல்ல எம் மூஞ்சி எப்டி இருந்திருக்கும்னு நேத்துதான் மா பாத்தேன்" என்றார். "உன் மூஞ்சில."

பையன் மறுபக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தான். யாரோ குரல் கொடுக்க, எல்லாரும் தோளைக் கொடுத்தார்கள். அவர் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். இரண்டு தள்ளில் படகு நகரவில்லை. அவருக்கு எங்கே கை வைப்பது என்றே தெரியவில்லை, விளிம்பைப் பிடித்துத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நைனா," என்றான் பையன், படகுக்கு மேலாக. "தூக்காத. கீய இருந்து தள்ளு."

அவர் குனிந்து, கீழே இருந்து தள்ளினார்.